மூன்று அங்குலக் கடல் அட்டை: மீன்வள நூலகத்தைப் பயன்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1982-ல் இந்திய அரசு ஓர் ஆணை போட்டது. மூன்று அங்குலத்துக்கு, அதாவது 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த கடல் அட்டையை (கடலடியில் வாழும், வெள்ளரிக்காய் வடிவ உயிரினம்) ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது அந்த ஆணை. மன்னார் வளைகுடாவிலோ பாக் விரிகுடாவிலோ வேலைக்கு வருகிற எவர் காதிலும் இந்த எண் சீக்கிரமே விழுந்துவிடும். கேட்ட கையோடு அளவுகோலை எடுத்து உயிருள்ள அட்டையின் மீது வைத்துப் பார்த்தவர்களை நான் அறிவேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆணை பேசியதோ பதப்படுத்திய சரக்கைப் பற்றி: குடல் நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டி, வெயிலில் காயவைத்த அட்டை. காயும்போது அதன் நீளம் ஏறத்தாழ பாதியாகிவிடும். எடையோ இருபதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கடலுக்குள் 75 மில்லிமீட்டர் நீளத்தில் கிடக்கும் அட்டை வெறும் குஞ்சு.

இந்த வேறுபாட்டை நான் தெரிந்துகொண்டது ஒரு நூலக மேசையில், மஞ்சளேறிய ஒரு அறிக்கையின் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பிலிருந்து. மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் தொண்டு அமைப்புகளிலும் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகவும், கடல் உயிரியல் படித்துவிட்டு முதல் களப்பணிக்குக் கிளம்பும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கடலுக்குப் போகுமுன் நூலகத்துக்குப் போங்கள். எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்பதைக் கடல் அட்டையையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் உயிரினம் கடல் பசுவாக இருக்கலாம், சங்காக இருக்கலாம், வஞ்சிரமாக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

"கடல் அட்டை பற்றிப் படிக்க வேண்டும்" என்று போனால் நூலகம் உங்களை விழுங்கிவிடும். யார், என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். உதாரணமாக: "இந்தக் கரையில் வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை வகை மீண்டு வருகிறதா இல்லையா என்று மேலதிகாரிக்கு நான் சொல்ல வேண்டும்." இப்போது உங்களுக்குத் தேவையானவை தாமாகவே தெரியும். முன்பு எவ்வளவு இருந்தது, யார் எங்கே எந்த மாதத்தில் எப்படி எண்ணினார்கள், எந்த அளவில் அது முட்டையிடத் தொடங்கும், 2001-ல் பிடிக்கவே தடை வருவதற்கு முன் எவ்வளவு பிடித்தார்கள்.

"முன்பு" என்ற சொல்லில்தான் நூலகத்தின் வேலை இருக்கிறது. மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995-ல் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்தபோது கண்ட கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்த தலைமுறை இன்னும் வறண்ட கடலைப் பார்த்து அதையே இயல்பு என்கிறது. இழப்பு எவ்வளவு என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. உங்கள் கண் பார்க்கும் கடலுக்கு வயது உங்கள் பணிக்காலம் மட்டுமே. அதற்கு முந்தைய கடல் தாளில்தான் இருக்கிறது.

எந்த நூலகத்துக்குப் போவது

பொது நூலகத்தில் மீன் பற்றிய புத்தகம் கிடைக்கும். மீன்வள மேலாண்மைக்குத் தேவையான தாள் பெரும்பாலும் கிடைக்காது. அதற்குத் துறைக்கென்றே உள்ள நூலகம் வேண்டும். நம் கரைக்கு முதலாவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947 பிப்ரவரி 3-ல் தொடங்கப்பட்ட இந்த நிலையத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. மன்னார் வளைகுடா பற்றிய சுதந்திர இந்தியாவின் தொடக்ககால ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த வளாகத்தில் வேலை செய்தவர்கள் எழுதியவை. நிலையத்துக்குத் தூத்துக்குடியிலும் சென்னையிலும்கூடக் கிளைகள் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், எழும்பூர் அருங்காட்சியகம், கன்னிமாரா நூலகம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல் பசு போன்ற விலங்குகளுக்கு டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனத்தின் தொகுப்பு உதவும். இலங்கைக் கரையில் வேலை செய்பவர்களுக்குக் கொழும்பில் உள்ள தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம், அதாவது நாரா.

இரு கரையையும் பார்க்காமல் இந்தக் கடலைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தியாவில் 2001-ல் கடல் அட்டைகள் அனைத்தும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன, பிடிப்பதே குற்றம். எதிர்க்கரையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் கடலட்டைப் பண்ணைகளும் இயங்குகின்றன. நடுவில் இருப்பது ஒரே நீர். ஒரு நாட்டின் தாளை மட்டும் படித்துவிட்டு எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

போகும்போது நிறுவன அடையாள அட்டை, வழிகாட்டியிடமிருந்தோ மேலதிகாரியிடமிருந்தோ ஒரு கடிதம், பென்சில், நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பழைய தாளுக்கு அருகில் பேனா வேண்டாம். முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் பழைய தொகுதிகள் பல இடங்களில் பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும்.

நூலகரிடம் பேசுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் நூலகரைக் கடந்து நேராகக் கணினியின் முன் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளைத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931-ல் வந்த அந்த விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது. நல்ல துறை நூலகர் இதை நாள்தோறும் செய்கிறவர். எந்த ஆய்வாளரின் தனிப்பிரதிகள் எந்தக் கட்டில் இருக்கின்றன, எந்த ஆண்டுத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, பட்டியலில் ஏறாத அட்டைப்பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் எழுதிய கேள்வித் தாளை அவரிடம் காட்டுங்கள். "கடல் அட்டை பற்றி ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டால் இரண்டு புத்தகம் வரும். "மேடம், 2001 தடைக்கு முன் பாக் விரிகுடாவில் வெள்ளை அட்டையின் அளவையும் அடர்த்தியையும் யாராவது எடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டால் அவர் எழுந்து அலமாரிக்கு நடப்பார்.

அலமாரியில் நீங்களே தேடுவதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பொருளுக்கு ஓர் எண் தந்து அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் நூலகமானால் மீன்பிடித் தொழில் 639.2-ல் இருக்கும், வனஉயிரினப் பாதுகாப்பு 639.9, மீன்கள் 597, பாலூட்டிகள் 599. கடல் அட்டை, நட்சத்திர மீனைப் போல, முட்தோலி இனம், ஆகவே 593. ஒரே உயிரினத்தைப் பற்றிய தாள்கள் தொழில் என்று ஓர் இடத்திலும் உயிரியல் என்று இன்னோர் இடத்திலும் பிரிந்து கிடக்கும். இரண்டு அலமாரிக்கும் போங்கள்.

பெயர்களின் பட்டியல்: அவசரப்படக்கூடாத படி

தேடல் தோற்பதற்கு முதல் காரணம் பெயர். கடல் அட்டையை ஆங்கிலத்தில் 'ஸீ கியூகம்பர்' என்று மட்டும் தேடினால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் வராது. பழைய ஆவணங்களில் காய்ந்த சரக்கின் பெயர் 'பெஷ் டி மேர்'. தென்கிழக்கு ஆசிய வணிகத்தில் 'ட்ரீபாங்'. உயிரியல் தாள்களில் 'ஹோலோதூரியன்'. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1917-ல் இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியபோதும் தலைப்பில் வைத்தது 'பெஷ் டி மேர்' என்ற சொல்லைத்தான். முதல் சொல்லில் 'இ' எழுத்தின் மேல் ஒரு கூரைக் குறி உண்டு. சில கணினிப் பட்டியல்கள் குறியோடு தேடினால்தான் காட்டும், சில குறி இல்லாமல் தேடினால்தான் காட்டும். இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

அறிவியல் பெயர் மாறாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது மாறும். நம் சங்கு இன்று டர்பினெல்லா பைரம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த தாள்களில் அதே சங்கு சான்கஸ் பைரம். கடல் பசு இன்று டூகாங் டூகான். பழைய நூல்களில் ஹாலிகோர். இன்றைய பெயரை மட்டும் தெரிந்தவர் நேற்றைய கடலைக் காண முடியாது. கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடு என்ற இணையதளத்தில் உங்கள் உயிரினத்தின் பெயரைத் தட்டினால் அதற்கு வழங்கிய பழைய பெயர்கள் அனைத்தும் வரும். அவற்றை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயர்களும் இப்படித்தான். தூத்துக்குடி பழைய தாளில் டூட்டிகொரின். குருசடைத் தீவின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றல்ல, மூன்று நான்கு. 1927-ல் மதராஸ் அருங்காட்சியகம் அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி ஒரு தொகுதி வெளியிட்டது. அதிலுள்ள எழுத்துக்கூட்டில் தேடாவிட்டால் அது அகப்படாது. மன்னார் என்ற சொல்லையே 'மனார்' என்று ஒற்றை 'ன்' வைத்து எழுதியவர்கள் உண்டு. முத்துச் சிப்பி வளம் பற்றி இலங்கை அரசுக்கு ஆங்கிலேய விலங்கியலாளர் ஹெர்ட்மன் எழுதி 1903 முதல் 1906 வரை வந்த ஐந்து தொகுதிகளின் தலைப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். சென்னைச் சந்தையில் சீலா என்றால் வேறு மீன், தெற்கே ஊழி என்று சொல்வது. பழைய களக்குறிப்பில் 'சீலா 40 கூடை' என்று இருந்தால், எந்த ஊரில் எழுதியது என்று பார்க்காமல் அந்த எண்ணைத் தொடவே கூடாது. நல்ல ஆய்வாளர்கள் ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பட்டியல் கிடைத்தால் முதலில் அதைப் படியெடுங்கள்.

என் நோட்டில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவேன். மேலே இன்றைய அறிவியல் பெயர், கீழே பழைய பெயர்கள், அதன் கீழே வணிகப் பெயர்கள், ஊர்வாரியாகத் தமிழ்ப் பெயர்கள், ஓரத்தில் ஊர்களின் பழைய எழுத்துக்கூட்டு. இந்த ஒரு பக்கம் தயாராக அரை நாள் ஆகலாம். ஆகட்டும்.

புத்தகக் கடைக்கு வராத அச்சு

துறை நூலகத்தின் உண்மையான செல்வம் பளபளப்பான ஆய்விதழ்கள் அல்ல. அவற்றில் பல இன்று இணையத்தில் கிடைக்கின்றன. திட்ட அறிக்கைகள், பயிலரங்கத் தொகுப்புகள், துறையின் உள்சுற்றுத் தாள்கள், மாணவர்களின் ஆய்வேடுகள், மீன் கரையிறங்கும் இறங்குதளங்களின் கணக்குப் பேரேடுகள் ஆகியவை இருநூறு முந்நூறு படிகள் அச்சாகி, கைமாறி, மறைந்துபோனவை. மேலாண்மைக்கு வேண்டிய எண்கள் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கும். தூத்துக்குடியில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை 1988-ல் முதன்முதலாகப் பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு மண்டபத்தில் கடல் அட்டைக்கென்றே ஒரு தேசியப் பயிலரங்கம் நடந்தது. அதன் கட்டுரைகள் 1994-ல் நிலையத்தின் வெளியீடாகத் தொகுக்கப்பட்டன. தடைக்கு முந்தைய தொழில் எப்படி நடந்தது என்று அறிய அந்த ஒரு தொகுதி பத்து ஆய்விதழ்களுக்குச் சமம்.

நிலையம் வெளியிட்டுவந்த கடல் மீன்வளத் தகவல் இதழை ஒவ்வோர் இதழாகப் புரட்டுங்கள். ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று சிறு குறிப்புகள் இருக்கும்: இன்ன தேதியில் இன்ன ஊரில் கடல் பசு ஒன்று வலையில் மாட்டியது, நீளம் இவ்வளவு, எடை இவ்வளவு. எழுதியவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. நாற்பது ஆண்டுகளின் குறிப்புகளை நீங்கள் ஒரே தாளில் வரிசையாக எழுதும்போது அது ஒரு விலங்கின் வரலாறாகிவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே இனி எண்ணப்படும் கடல் பசுக்களை எதோடு ஒப்பிடுவது என்றால், இப்படிப்பட்ட குறிப்புகளும்தான் கைகொடுக்க வேண்டும்.

தேடும் திசையைப் பற்றி ஒரு வார்த்தை. அண்மையில் வந்த ஒரு நல்ல கட்டுரையிலிருந்து தொடங்கி, அது யாரைச் சான்று காட்டுகிறது என்று பார்த்துப் பின்னோக்கி நடங்கள். ஒரே எண்ணைப் பலரும் சொன்னால், முதலில் சொன்னவரைக் கண்டுபிடித்து அவர் தாளையே எடுங்கள். ஒருவர் 'சுமார்' என்று எழுதியது, மூன்றாமவர் கைக்கு வரும்போது உறுதியான அளவாக மாறியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அட்டவணையைப் படிக்கும் விதம்

தாள் கைக்கு வந்துவிட்டது. இனி மெதுவாக.

முதலில் அலகு. அங்குலமா, மில்லிமீட்டரா, பவுண்டா, கிலோவா, அந்தர் என்று பேச்சில் வரும் ஹண்ட்ரட்வெயிட்டா. அடுத்தது நிலை: உயிருள்ளதா, குடல் நீக்கியதா, காய்ந்ததா. மூன்று அங்குலத்தில் நான் சறுக்கியது இங்கேதான். ஒரு டன் காய்ந்த அட்டை என்றால் கடலிலிருந்து ஏறத்தாழ இருபது டன் எடுத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் ஏற்றுமதிக் கணக்கையும் கள ஆய்வுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் வரைபடம் முழுவதும் பொய்யாகிவிடும்.

உயிருள்ள அட்டையின் நீளத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. தொட்டவுடன் அது சுருங்கும். ஒரே அட்டையை இருவர் அளந்தால் இரண்டு எண் வரும். நீரில் தளர்ந்து கிடக்கும்போது அளந்தார்களா, படகுத் தளத்தில் போட்டு அளந்தார்களா என்று தாளில் தேடுங்கள். சொல்லியிருக்காவிட்டால், 'அளந்த முறை இல்லை' என்று உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, எடையை நம்புங்கள்.

பிறகு இடமும் மாதமும் ஆழமும். பாக் விரிகுடாவின் தாழைப் படுகையில், அதாவது கடற்புல் படுகையில், எண்ணியதையும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையில் எண்ணியதையும் ஒப்பிடுவது வயலையும் காட்டையும் ஒப்பிடுவது போல. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர் கலங்கியிருக்கும். மூழ்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு மணலில் புதைந்த அட்டை தெரியாது. அந்த மாதத்துக் கணக்கு குறைவாக இருந்தால் அட்டை குறைந்துவிட்டது என்று பொருளல்ல.

இறங்குதளக் கணக்கில் இன்னும் ஒரு கேள்வி. பிடிபட்டது எவ்வளவு என்பதோடு, எத்தனை பேர் எத்தனை நாள் போய்ப் பிடித்தார்கள் என்றும் இருக்கிறதா? பத்துப் பேர் நூறு கிலோ கொண்டுவந்த இடத்தில் ஐம்பது பேர் இருநூறு கிலோ கொண்டுவந்தால் கணக்கு இரட்டிப்பாகத் தெரியும், கடலோ வறண்டுகொண்டிருக்கும். ஆள் எண்ணிக்கைக்கும் படகு எண்ணிக்கைக்கும் தேசியக் கடல் மீன்வளக் கணக்கெடுப்புத் தொகுதிகளைப் பாருங்கள். 1980, 2005, 2010, 2016 என்று வந்திருக்கின்றன, ஊர்வாரியாக.

அடர்த்தி ஏன் இவ்வளவு முக்கியம்? கடல் அட்டையில் ஆணும் பெண்ணும் வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விந்தையும் முட்டையையும் நீரில் விட்டு, நீரிலேயே கருவுறும். இரண்டு அட்டைகள் வெகுதொலைவில் கிடந்தால் இரண்டும் உயிரோடு இருந்தும் பயனில்லை. ஆகவே 'அட்டை இருக்கிறது' என்று எழுதுவது போதாது. ஒரு ஹெக்டேருக்கு எத்தனை என்று எழுத வேண்டும்; அந்த எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். பழைய எண் அலமாரியில் இருக்கிறது.

அட்டவணையின் அடிக்குறிப்பைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். கட்டுரையாசிரியர் மிகுந்த நேர்மையோடு எழுதும் இடம் அது: 'இந்த மாதம் புயலால் கணக்கு எடுக்கப்படவில்லை', 'வியாபாரி சொன்னபடி'.

சட்டத்தைத் தனியாகச் சரிபாருங்கள்

ஆய்வுத் தாளில் இருக்கும் சட்டத் தகவலை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது; 2022 திருத்தத்தில் பட்டியல்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டு, பட்டியல்களே மாற்றி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய கட்டுரையில் 'பட்டியல் மூன்று' என்று இருந்தால் இன்றைக்கு அதன் பொருளே வேறு. மாநிலத்தில் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் தனி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை தனி. அரசிதழ் நகலையே கேளுங்கள்; துறை நூலகத்தில் கோப்பாக வைத்திருப்பார்கள். அந்தந்த ஆண்டின் ஆணைகளையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் பிடிபட்ட அளவு சட்டென்று குறைந்ததற்குக் காரணம் கடலா ஆணையா என்று தெரிய வேண்டும்.

வீட்டிலிருந்தே எட்டக்கூடியவை

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் வெளியீடுகளைத் திறந்த இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆண்டு, ஆசிரியர், பொருள் என எப்படி வேண்டுமானாலும் தேடலாம். ஹெர்ட்மனின் தொகுதிகள், 1875 முதல் வந்த பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் பற்றிய பெருநூல் போன்ற பழைய நூல்களுக்குப் பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம் என்ற பன்னாட்டு இணையதளம் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வள அறிக்கைகளும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்கக்கடல் திட்டத்தின் வெளியீடுகளும் இலவசம். கடல் சார்ந்த நூலகங்கள் சேர்ந்து நடத்தும் அக்வாடாக்ஸ் களஞ்சியத்தையும் பாருங்கள். பழைய தாள்களைப் படமெடுத்து ஏற்றும்போது எழுத்துகள் சிதைந்திருக்கும். தேடல் பெட்டி சொல்லைக் காணவில்லை என்றால் தொகுதியைத் திறந்து கண்ணால் புரட்டுவதுதான் வழி.

தாளோடு கரைக்குப் போங்கள்

நூலகத்தில் எடுத்ததைக் கரையில் காட்டுங்கள். 1960-களின் தாளில் ஓர் இடப்பெயர் இருக்கும். இன்றைய வரைபடத்தில் இருக்காது. அட்டை எடுத்துப் பழகிய மூத்தவரிடம் வாசித்துக் காட்டினால் கையை நீட்டி, "அந்தப் பார் அங்கதான் இருந்துச்சு, இப்ப மணல் மூடிக்கிச்சு" என்று சொல்லிவிடுவார். பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு. அந்த வரியைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். 2001-க்குப் பிறகு அட்டை எடுத்தவர்கள் சட்டத்துக்கு அஞ்சிப் பேசமாட்டார்கள். அவர்கள் பெயரைக் கேட்காதீர்கள், எழுதவும் எழுதாதீர்கள். தடைக்கு முந்தைய காலத்தைப் பற்றிக் கேளுங்கள். பழைய அறிக்கையின் பக்கத்தை ஐயா முன்னால் விரித்து, "இதில் எழுதியிருப்பது சரியா?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். பல நேரம் அவர் திருத்துவார். பல நேரம் அந்தத் திருத்தம் சரியாகவும் இருக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு

முடிவெடுப்பவர் உங்கள் நோட்டைப் படிக்கமாட்டார். ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே கேள்வி, அடுத்து, இதுவரை தெரிந்தது என்ன, எந்த ஆண்டு, எந்த இடம், எந்த நிலையில் அளந்தது, அடுத்து, எந்த எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை, எவை தகாதவை, கடைசியில், உங்கள் கள ஆய்வு எந்தப் பழைய ஆய்வின் முறையை அப்படியே பின்பற்றப் போகிறது. அந்த ஒப்பீடுதான் இந்த வேலையின் பயன். அதே இடம், அதே மாதம், அதே முறை. ஆழமான ஒரு பழைய ஆய்வை அதே வழியில் மீண்டும் செய்வது, பத்துப் புதிய இடங்களில் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட மேலாண்மைக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. திட்டம் முடிந்ததும் அறிக்கை மின்னஞ்சலில் போகும், பென்டிரைவில் தங்கும், ஆள் மாறினால் காணாமல் போகும். ஓர் அலுவலகத்தில் இட நெருக்கடி என்று இறங்குதளப் பேரேடுகளை எடைக்குப் போட்டதை நான் நேரில் பார்த்தேன். இருபது ஆண்டுகளின் காலை வேளைகள் அந்தச் சாக்குகளில் இருந்தன. யாரோ விடியற்காலையில் ஏலக் கூடத்தில் நின்று, கூடை கூடையாக எண்ணி எழுதியவை. இன்றும் அது மனதை அறுக்கிறது. பணக்கார நாடுகளிலும் இது நடக்கிறது: கனடாவின் மீன்வளத் துறை 2013-ல் தன் 11 நூலகங்களில் 7-ஐ மூடியபோது ஆய்வாளர்கள் உரக்க எதிர்த்தார்கள். வேண்டியவை இணையத்தில் ஏற்றப்பட்டுவிடும் என்றது அரசு. எது வேண்டியது என்று யார் முடிவு செய்வது என்பதே அவர்கள் கேள்வி.

ஆகவே உங்கள் அறிக்கையை அமிலமற்ற தாளில் அச்சிட்டு, இரண்டு படிகள் எடுத்துத் துறை நூலகத்தில் நேரில் கொடுங்கள். மின்படியையும் களஞ்சியத்துக்கு அனுப்புங்கள். மூல அளவுகளைப் பின்னிணைப்பாக வையுங்கள். சராசரியை மட்டும் தந்தால் நாளை வருபவருக்கு அது பயன்படாது. அலகு, உயிருள்ளதா காய்ந்ததா, அளந்த முறை, ஆழம், மாதம், படகு, எண்ணியவர்கள் எத்தனை பேர், எதைச் செய்ய முடியவில்லை என்பதையெல்லாம் அட்டவணைக்குக் கீழேயே எழுதுங்கள். ஊர்ப்பெயரும் அறிவியல் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். படங்களுக்குப் பின்னால் இடமும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள்.

நூலகர் பதிவேட்டில் எழுதி ஒரு சேர்க்கை எண் தருவார். கேட்டு வாங்கி, உங்களிடம் இருக்கும் படியின் முதல் பக்கத்தில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது அலமாரியில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.